முப்பத்திரண்டு தடவை போதுமா? பக்கவாதத்துக்குப் பின் கைக்கு வீட்டிலிருந்தே பயிற்சி

பக்கவாதம் வந்தவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடும். தடியை ஊன்றியாவது கழிப்பறைக்குப் போய் வருகிறாரே, அது போதும் என்று ஒரு நிம்மதி. கை? ‘அது மெதுவா வரும்’ என்பார்கள். கூடவே ஒரு ரப்பர் பந்தையும் கொடுப்பார்கள். எங்கள் பெரியப்பாவுக்கும் சிரித்த முகம் வரைந்த மஞ்சள் பந்து ஒன்று வந்தது. ஒரு வாரம் அழுத்தினார். அப்புறம் அது டிவி ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

பந்தைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளத்தான் பார்க்கும், விரிப்பதுதான் கஷ்டம். பந்தை அழுத்துவது என்பது ஏற்கெனவே ஓரளவு வருகிற வேலையையே திரும்பத் திரும்பச் செய்வது. டம்ளரைப் பிடிப்பதற்கு முன்னால் கை விரிந்தாக வேண்டும், பிடித்த பிறகு விட்டாக வேண்டும். அந்த இரண்டையும் பந்து சொல்லித்தராது.

காலுக்கும் கைக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. நடக்க இரண்டு காலும் வேண்டும். பலவீனமான காலை இழுத்துக்கொண்டாவது பயன்படுத்தியே தீர வேண்டியிருப்பதால், பாத்ரூம் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அதற்குப் பயிற்சிதான். கைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இடது கையால் சாப்பிடலாம், ஸ்பூன் வைத்துக்கொள்ளலாம், சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடலாம். வாரக்கணக்கில் இப்படிப் போனால், பலவீனமான கை தன்னால் முடிகிறதைக்கூடச் செய்யாது. பயன்படுத்தாமல் இருக்கவே பழகிவிடும்.

இதை ஒரு கோட்பாடாகச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். குரங்கின் ஒரு கையில் உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் வெட்டினார். அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தன. குரங்கு அந்தக் கையைக் கைவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், வேறு வழியில்லாமல் மறுபடி பயன்படுத்தத் தொடங்கியது. குரங்குகளை வைத்திருந்த நிலைமைக்காக 1981இல் மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவருடைய ஆய்வகத்தில் போலீஸ் புகுந்தது, வழக்கு நடந்தது. அந்தப் பிராணிகள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இந்தச் சிகிச்சையைப் பற்றி மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த சிகிச்சை உண்மையானது: நல்ல கைக்கு ஒரு தடித்த உறையை மாட்டிவிட்டு, பலவீனமான கையை மணிக்கணக்கில் வேலை வாங்குவது. 2006இல் வெளியான ‘எக்ஸைட்’ ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் இப்படிச் செய்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை. ஒரு நாளில் 6 மணி நேரம் வரை பயிற்சி. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்குக் கை நன்றாகவே தேறியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றிருந்தது.

சரி, ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் 6 மணி நேரம் கொடுக்க எந்த தெரபிஸ்டால் முடியும்? வீட்டிலிருந்தே பயிற்சி என்ற யோசனை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வழக்கமான பயிற்சியில் உண்மையில் எவ்வளவு நடக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பயிற்சி அமர்வுகளைப் பக்கத்திலிருந்து கவனித்து 2009இல் வெளியிட்ட கணக்கு அது. ஒரு பொருளை எட்டி எடுப்பது, நகர்த்துவது போன்ற பயனுள்ள கையசைவுகள் ஒரு அமர்வில் சராசரியாக 32தான். மூளை தன்னை மாற்றிக்கொள்வதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் செய்யவைத்திருந்தார்கள். ஒரு அமர்வு என்றால் வண்டியிலிருந்து இறக்குவது, உட்காரவைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, தோளை நீவிவிடுவது, இரண்டு வார்த்தை பேசுவது எல்லாம் சேர்ந்ததுதான். மிச்சமிருக்கிற நேரத்தில் 32.

அப்படியானால் எண்ணிக்கையை ஏற்றினால் கை வந்துவிடுமா? அவ்வளவு எளிதாக இருந்திருக்கலாம். அதே லாங் குழு 2016இல், பக்கவாதம் வந்து நாள் பல கடந்த 85 பேரைப் பிரித்து, 3200, 6400, 9600 என்று வெவ்வேறு எண்ணிக்கையிலும், ஒரு குழுவுக்கு முடிந்த மட்டும் என்றும் பயிற்சி கொடுத்தது. அதிகம் செய்தவர்களுக்கு அதிகப் பலன் என்று தெளிவாக எதுவும் வரவில்லை, முன்னேற்றமும் சின்னதுதான். 2021இல் வந்த இன்னொரு ஆய்வு நேரத்தைக் கவனித்தது. 72 பேர், வழக்கமான சிகிச்சைக்கு மேல் 20 மணி நேரக் கைப்பயிற்சி. அதே 20 மணி நேரத்தை முதல் 30 நாளுக்குள் கொடுத்தால் ஒரு விதம், இரண்டு மூன்று மாதத்தில் கொடுத்தால் ஒரு விதம், ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுத்தால் வேறு விதம். அதிகப் பலன் இரண்டு மூன்று மாதத்தில் கொடுத்தவர்களுக்கு. அதாவது ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்கு வந்து, வருகிற உறவினர் கூட்டம் குறைந்து, ஆட்டோ செலவைக் கணக்குப் பார்த்து பிசியோதெரபியை வாரம் ஒன்றாகக் குறைக்கிற அதே காலம்.

பயிற்சி நிற்கிற இடமும் பயிற்சி பலிக்கிற காலமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. வீட்டுக்கே பயிற்சியைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய வாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இனி வீட்டுப் பயிற்சியையும் மையத்துப் பயிற்சியையும் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வுக்கு வருவோம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் கிரேமர் தலைமையில் அமெரிக்காவில் 11 இடங்களில் நடந்து, 2019 ஜூனில் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வந்தது. பக்கவாதம் வந்து 4 முதல் 36 வாரம் ஆன 124 பேர். பாதிப் பேர் சிகிச்சை மையத்துக்கு வந்து பயிற்சி செய்தார்கள். மற்றவர்களின் வீட்டுக்கே ஒரு மேசை, நாற்காலி, இணைய வசதியோடு ஒரு கணினி, கையால் இயக்குகிற 12 விதமான விளையாட்டுக் கருவிகள் எல்லாம் போய் இறங்கின. அடிக்க, திருப்ப, பிடிக்க, நகர்த்த என்று கருவிக்கு ஒரு வேலை. திரையில் அதற்கேற்ற விளையாட்டு. கணினியே தொடாதவர்களும் பயன்படுத்தும்படி கீபோர்டு வேலையைத் தவிர்த்திருந்தார்கள்.

இரண்டு குழுவுக்கும் அளவு ஒன்றுதான், இந்த ஆய்வின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் 36 அமர்வு, ஒவ்வொன்றும் 70 நிமிடம். 18 அமர்வில் தெரபிஸ்ட் இருப்பார்: மையத்துக்கு வருபவர்களுக்கு நேரில், வீட்டில் இருப்பவர்களுக்கு வீடியோவில். மிச்சம் 18 தாங்களாகவே செய்ய வேண்டியது. பயிற்சியும் ஒரே மாதிரி, பக்கவாதத்தைப் பற்றிச் சொல்லித்தருகிற பாடமும் ஒரே மாதிரி. மாறியது இடமும் கொடுத்த விதமும்தான்.

பலனை அளந்தது ஃபூகல்-மேயர் அளவுகோலால். ஸ்வீடனில் 1975இல் உருவான இது கைக்கு 66 மதிப்பெண் வைத்திருக்கிறது. தோளைத் தூக்க முடிகிறதா, முழங்கையை நீட்ட முடிகிறதா, மணிக்கட்டை நிலையாக வைக்க முடிகிறதா, விரல் நுனியால் எடுக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மையத்துக்குப் போனவர்களுக்குச் சராசரியாக 8.36 கூடியது. வீட்டில் செய்தவர்களுக்கு 7.86. இப்படிப்பட்ட ஆய்வில் ‘எவ்வளவு குறைந்தால் ஏற்றுக்கொள்ளலாம்’ என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டுவிடுவார்கள். இங்கே அது 2.47 புள்ளி. புள்ளியியல்படி வரக்கூடிய மோசமான வித்தியாசம்கூட அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. ஆகவே முடிவு: வீட்டுப் பயிற்சி சளைத்ததல்ல.

‘சளைத்ததல்ல’ என்பதற்கும் ‘மேலானது’ என்பதற்கும் இடைவெளி உண்டு. விளம்பரங்கள் இதைத்தான் முதலில் மறைக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பயிற்சியே இல்லாத மூன்றாவது குழு இதில் இல்லை. பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் கை தானாகவும் ஓரளவு தேறும். அதனால் அந்த எட்டுப் புள்ளியில் இயற்கையின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று இந்த ஒரு ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வு பதில் சொன்ன கேள்வி சின்னது, தெளிவானது: அதே அளவு பயிற்சியை வீட்டில் கொடுத்தால் குறைகிறதா? குறையவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்த எண் வேறு. 36 அமர்வில் மையத்துக்குப் போனவர்கள் 93.4 சதவீதமும், வீட்டில் இருந்தவர்கள் 98.3 சதவீதமும் முடித்தார்கள். வீட்டுப்பயிற்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தெரபிஸ்ட் தாளில் படம் போட்டுக் கொடுத்து, அது பிரிட்ஜ் மேல் ஒட்டப்பட்டு, மூன்றாம் நாள் மறக்கப்படுவதுதான். இங்கே ஏறக்குறைய ஒன்றுகூட விடவில்லை. காரணம் விளையாட்டா? ஓரளவு இருக்கலாம், ஆடுகிறவருக்கு எத்தனையாவது தடவை என்ற நினைப்பு போய்விடும். ஆனால் யார் எவ்வளவு செய்தார் என்பது கணினியில் பதிவாகிறது. குறித்த நேரத்தில் திரையில் ஒரு முகம் வருகிறது. அந்த முகத்துக்கு நேற்று நீங்கள் செய்யவில்லை என்பது தெரியும். இதுதான் அதிகம் வேலை செய்தது என்பது என் ஊகம்.

இந்த ஊகத்துக்கு வலுச் சேர்ப்பது இந்தியாவில் நடந்த ஒரு தோல்வி. 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். நம் நாட்டில் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய முயற்சிகளில் ஒன்று. தெரபிஸ்டுகள் போதவில்லை, குடும்பம் இருக்கிறது; ஆகவே குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்போம் என்பதுதான் யோசனை. கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கி, இலக்கு வைக்கச் சொல்லிக்கொடுத்து, பார்த்துக்கொள்கிறவரைப் பழக்கி, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடரச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாதவர்களும் சேர்த்து இந்தக் குழுவில் 47 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிலும் 47 சதவீதம்.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஒன்று கையின் அசைவை அளந்தது, மற்றது உயிரையும் அன்றாடச் சுதந்திரத்தையும். ஒன்று தேர்ந்தெடுத்த 124 பேர், மற்றது கடுமையான பாதிப்பு உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. இருந்தாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படாமல் இருக்காது. அமெரிக்க ஆய்வில் பயிற்சியின் பொறுப்பு தெரபிஸ்டிடமே இருந்தது. மாறியது அவர் உட்கார்ந்த இடம். இந்திய ஆய்வில் பொறுப்பு பெருமளவு மனைவிக்கோ மருமகளுக்கோ மகனுக்கோ கைமாறியது. அவர்கள் ஏற்கெனவே குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்து, சமைத்து, சில வீடுகளில் சம்பாதிக்கவும் வேண்டியவர்கள். அதற்கு மேல் அத்தனை தடவை கையைத் தூக்கச் சொல் என்றால்? அன்பு இல்லாமல் இல்லை, நேரம் இல்லை. இன்னொன்றும் உண்டு: கை தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அன்புள்ளவர்களால் முடியாது. ‘விடுங்க, நான் போட்டுவிடறேன்’ என்று பொத்தானைப் போட்டுவிடுவார்கள். பழைய குரங்குக் கதைதான்.

ஜெர்மனியில் இரண்டுக்கும் நடுவான ஒரு வழியைப் பார்த்தார்கள். 2015இல் வெளியானது, 156 நோயாளிகள். நான்கு வாரத்தில் தெரபிஸ்ட் 5 தடவை வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் குடும்பத்தில் ஒருவரோ நண்பரோ பக்கத்திலிருந்து பயிற்சியை நடத்துவார். கையை அன்றாட வேலையில் எவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிறோம் என்று நோயாளிகளே சொன்ன மதிப்பீட்டில் வழக்கமான சிகிச்சையைவிட முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒரு வேலையை எவ்வளவு வேகமாகச் செய்கிறார்கள் என்று கடிகாரம் வைத்து அளந்ததில் வித்தியாசம் இல்லை. பாதி வெற்றி என்று சொல்லலாம்.

மொத்தமாகப் பார்த்தால் நிலவரம் என்ன? பக்கவாதத்துக்குத் தொலைவிலிருந்து கொடுக்கும் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய 22 ஆய்வுகளை, 1937 பேரை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் சேர்த்துப் பார்த்தது. நேரில் கொடுப்பதைவிட மோசம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் சான்றுகளின் தரம் சுமாரிலிருந்து குறைவு வரைதான் என்று எழுதியது.

விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 2019இல் வெளியான பிரிட்டனின் ‘ராட்யூல்ஸ்’ ஆய்வில் 770 பேர். பெரிய ரோபோ இயந்திரத்தில் கையை வைத்துப் பயிற்சி. வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் பயன்பாடு கூடவில்லை. அதற்கு நேர்மாறாக, வான்கூவரில் ஜானிஸ் எங் குழு உருவாக்கிய ‘கிராஸ்ப்’ என்ற திட்டத்தில் இருப்பது ஒரு பயிற்சிப் புத்தகமும் சாதாரணப் பொருட்கள் கொண்ட ஒரு பெட்டியும்தான். மருத்துவமனையில் இருந்த 103 பேரிடம் நான்கு வாரம், கிட்டத்தட்ட தினமும் ஒரு மணி நேரம், தாங்களாகவே செய்யவைத்துப் பார்த்தார்கள். செய்ததைக் குறித்துவைக்க ஒரு தாள், அதை வந்து பார்க்க ஒரு தெரபிஸ்ட். 2009இல் வெளியான முடிவில் கை நன்றாகவே தேறியிருந்தது. பெட்டியில் என்ன இருந்தது என்பதைவிட அந்தத் தாளை யாரோ பார்க்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் இதற்கான துண்டுகள் எல்லாம் இருக்கின்றன, தைக்கத்தான் ஆள் வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபிஸ்டையும் வீட்டுக்கு அனுப்புகிறது. வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்று ஒரு சின்ன கைப்பயிற்சி ரோபோவை உருவாக்கின. ஒரே மோட்டார், மணிக்கட்டை மடக்க ஒரு பிடி, முன்கையைத் திருப்ப ஒரு பிடி, விரலை விரிக்க ஒரு பிடி என்று மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். மேசை மேல் அடங்கிவிடும் அளவு. பக்கவாதம் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஸ்மார்ட்போன் வழியாகச் சொல்லித்தரும் ‘கேர் ஃபார் ஸ்ட்ரோக்’ என்ற முயற்சியும் சென்னையில் பரிசோதிக்கப்பட்டது. மாதம் ஒருமுறையோ இருமுறையோ நேரில் வருகிற தெரபிஸ்ட், இடைப்பட்ட நாட்களில் வாட்ஸ்அப் வீடியோவில் பத்து நிமிடம் வந்தால் மேலே சொன்ன அமெரிக்க ஏற்பாட்டுக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடலாம். அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதுதான் சிக்கல். நம் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் படுத்திருக்கும் நாட்களுக்குப் பணம் கொடுக்கும். எழுந்து பயிற்சி செய்கிற மாதங்களுக்குக் கையிலிருந்துதான் போகும்.

யாருக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆய்வில் சேர்த்துக்கொண்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே ஃபூகல்-மேயர் அளவுகோலில் 66க்கு 22 முதல் 56 வரை இருந்தது. அதாவது கையில் ஏதோ ஓர் அசைவு இருந்தவர்கள். முற்றிலும் துவண்டு கிடக்கிற கைக்கு அந்த முடிவைப் பொருத்திப் பேச முடியாது. நினைவும் கவனமும் அதிகம் பாதிக்கப்பட்டவர்களும் அதில் இல்லை. திரையால் தொட முடியாது: தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா என்பதைக் கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் முதல் பரிசோதனையாவது நேரில்தான் நடக்க வேண்டும். வலிக்கிற தோளோடு எண்ணிக்கைக்காக அடம்பிடித்துச் செய்வது கெடுதல். உதவி செய்கிறவர்கள் அக்குளில் கை கொடுத்தோ, பலவீனமான கையைப் பிடித்து இழுத்தோ எழுப்பக் கூடாது. தோள் கெடுவதற்கு அது ஒன்றே போதும்.

வீடியோவில் பயிற்சி செய்கிறவர்கள் வீட்டில் சரி செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது போனை வைக்கிற இடம். பெரும்பாலும் போனை ஒரு சில்வர் டம்ளரில் சாய்த்து முகத்துக்கு நேராக வைத்துவிடுவோம். தெரபிஸ்டுக்கு முகம் தெரியும், கை தெரியாது. போனைப் பக்கவாட்டில், இரண்டு மூன்று அடி தள்ளி, இடுப்பும் தோளும் மேசையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். ஏனென்றால் டம்ளரை எட்டி எடுக்கச் சொன்னால் பலரும் முழங்கையை நீட்ட மாட்டார்கள். இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் முன்னால் சாய்த்து எடுத்துவிடுவார்கள். டம்ளர் கைக்கு வந்துவிடும், முழங்கைக்குப் பயிற்சி வராது. பக்கவாட்டிலிருந்து பார்க்கிற தெரபிஸ்ட் ‘முதுகை நாற்காலியை விட்டு எடுக்காதீங்க அய்யா, மறுபடி’ என்று சொல்லலாம். பக்கத்தில் இருக்கிறவருக்கும் அப்போது ஒரு வேலைதான்: டம்ளரைத் திரும்ப அதே இடத்தில் வைப்பது. எடுத்துக் கொடுப்பதில்லை.